ஷிஃபான் பேரில் ஒரு கிணறு

கலேவெலை டவுனிலிருந்து உள்ளே போகிற பஸ், அதற்கு மேல் வழியில்லாமல் திரும்புகிற இடத்தில் ஒரு நீலக் கட்டடம் நிற்கிறது. ஊர்ச் சனம் கேனும் கையுமாக வந்து வடிகட்டிய தண்ணீர் பிடித்துப் போகிற இடம் அது. சுவரில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் தொங்காத பெட்டிக்கடை இந்த நாட்டில் கிடையாது. இந்தக் கதையில் வேறு அதை எழுதி இனாமாக விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே, மூன்று மொழியிலும், 'மக்களுக்கு எமது அன்பளிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். கட்டடம் நிற்கிற நிலம் ஸுபைதா கொடுத்தது என்றோ, வேலிக்குள் இருக்கிற கிணறு அவள் வெட்டியது என்றோ எங்கேயும் ஒரு வரி இல்லை. வேண்டாம் என்று சொன்னதும் அவளேதான்.

ஸுபைதா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். பிறந்தது மாத்தளை டவுனில், கொங்காவலையில், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற வீட்டில். மரக்கறி எடுத்துத் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்புகிற சாலிஹுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, "இதென்ன மாமி, சீனிக்குப் பதிலா உப்பா போட்டீங்க?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஊரிலே தண்ணீர் அப்படித்தான். கிவுல் தண்ணி என்பார்கள். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்துவிடும். சுரண்டி எடுத்தால் செதில் செதிலாக வரும். கேத்தலுக்குள் படிகிறது மனுஷனுக்குள் படியாதா என்று அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை.

சாலிஹ் சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்தபோது மகன் ஷிஃபான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். படிப்பை அதோடு மூடி வைத்துவிட்டு, கடனுக்கு ஒரு த்ரீவீல் எடுத்து, சீகிரியாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கப் போனான். கலகலப்பான பிள்ளை. இரண்டு வருஷத்தில் இங்கிலீசும் கொஞ்சம் ஜெர்மனும் பேசப் பழகி, உம்மாவைக்கூட 'மேடம்' என்று கூப்பிட்டு அடி வாங்குவான். அவனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வாப்பாவைக் கொண்டுபோன தண்ணீர் உம்மாவையும் கொண்டுபோய்விடும் என்ற பயம். அதனால் தினமும் வேலை முடிந்து வரும்போது, பழக்கமான ஹோட்டல் ஒன்றில் கெஞ்சிக் கேட்டு, வடிகட்டிய தண்ணீரைக் கேனில் பிடித்துப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வருவான். ஒரு கேன் உம்மாவுக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு லாபிர் நானாவுக்கு. லாபிருக்கும் அப்போதே சிறுநீரக வருத்தம் தொடங்கியிருந்தது.

ஒரு மழை நாள் பின்னேரம் கிம்பிஸ்ஸைத் திருப்பத்தில் ஒரு லொறி அவன்மேல் ஏறியது. த்ரீவீல் சப்பையாகிக் கிடந்தது. பின்சீட்டில் இருந்த கேன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ நல்ல மனுஷன் பிள்ளையின் ஜனாஸாவோடு சேர்த்து அவற்றையும் வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் ஸுபைதா பல நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்சூரன்ஸ் காசு வந்தது. கூரையை மாற்று என்றார்கள், மாத்தளைக்கே திரும்பிப் போ என்றார்கள். பிள்ளையின் உசுருக்கு வந்த காசை எப்படித் தின்பது? பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டாள். மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர் பேரில் ஒரு கிணறு வெட்டினால், அதில் ஆளும் மாடும் காக்கையும் பயன்பெறும் காலமெல்லாம் அதன் நன்மை கபுருக்குள் அடங்கியிருக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு ஸதகதுல் ஜாரியா என்று பேர் என்றார் அவர். ஸுபைதாவுக்கு வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் சுமந்த பிள்ளைக்குத் தண்ணீரைவிட வேறென்ன கொடுப்பது? வீட்டை ஒட்டிக் கிடந்த துண்டு நிலத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினாள். கடும் வெயிலிலும் வற்றாத ஊற்று வாய்த்தது. ஊர்க் குளம் வெடித்துக் கிடந்த வருஷம் இந்தப் பக்கத்துச் சனம் எல்லாம் அங்கேதான் வரிசை கட்டியது.

முதல் வாளியை இறைத்தவர் லாபிர். ஒரு வாய் குடித்துவிட்டு, "அல்லாஹ் ஷிஃபான்ட கபுற வெளிச்சமாக்கட்டும்" என்றார். பிறகு ஊரே அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டது. ஸுபைதா இடியப்பத்துக்கு மாவைப் பிசைந்துகொண்டே அந்தப் பக்கம் காதைக் கொடுத்திருப்பாள். கப்பி கிறீச்சிடும், வாளி விழும், பிறகு யாராவது அவன் பேரைச் சொல்வார்கள். அவளைப் பொறுத்தவரை பிள்ளை அன்றன்றைக்கு உழைத்துக்கொண்டுதான் இருந்தான்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் கம்பெனி வந்தது. கம்பெனிக்காரரை ஒரு மூச்சு திட்டி இந்தக் கதையைச் சொல்லிவிட முடிந்தால் எவ்வளவோ சுகம். முடியாது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். லாபத்தில் ஒரு பங்கை ஊர்களுக்குச் செலவழிக்கிற திட்டமாம். சிறுநீரக வருத்தம் உள்ள ஊர்களாகப் பார்த்து வடிகட்டி பூட்டுகிறார்களாம். அதற்குப் பொறுப்பாக வந்தவள் தயாளினி என்ற பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் உத்தியோகம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, தேத்தண்ணி கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடித்து, எல்லாக் கிணற்றிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது ஸுபைதாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, உங்கட கிணத்துத் தண்ணி குடிக்கக் கூடாதம்மா. ஊரில இருக்கிற கிணறுகளுக்குள்ள இதுதான் ஆக மோசம்."

ஸுபைதா அன்று மாவை அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். மகன் பேரைச் சொல்லி ஊருக்கு நஞ்சையா கொடுத்தேன்? சாலிஹைக் கொன்ற அதே சனியனை, அவன் மகன் பேரில், வாளி வாளியாக, லாபிர் நானாவுக்கும் சேர்த்து? மறுநாள் தயாளினியைத் தேடிப் போய், அந்த மெஷினை வைத்தால் தன் கிணற்றுத் தண்ணீர் நல்லதாகிவிடுமா என்று மட்டும் கேட்டாள். ஆகும் என்றாள் தயாளினி. கிணறும் வேண்டும், பக்கத்து நிலமும் வேண்டும்.

"எடுத்துக்கங்க மகள்," என்றாள் ஸுபைதா. "அல்லாஹ்வுக்காக வக்பு செஞ்சி தாறேன்."

வக்பு என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். பிறகு எனது என்று உரிமை கேட்க முடியாது, அப்படிச் செய் இப்படிச் செய் என்று குறுக்கே நிற்கவும் முடியாது. தயாளினிக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியாது. அவள் தன் பக்கத்து முறையைச் சொன்னாள்: "காணி தந்தவையின்ட பேரை வாசல்ல ஒரு கல்லில போடுறது எங்கட வழக்கம் அம்மா. உங்கட பேரோ, வீட்டில வேற ஆற்றையும் பேரோ, சொல்லுங்கோ."

ஸுபைதாவின் நாக்கு நுனிவரை அவன் பேர் வந்தது. கல்லில் பேரைப் பார்க்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் பேரைப் போட்டால் அது ஊர் பார்க்கச் செய்ததாகிவிடும்; அல்லாஹ்வுக்காகச் செய்ததாகாது. பெருமைக்காகச் செய்ததற்கு மறுமையில் கூலி கிடையாது. பிள்ளைக்குப் போகிற நன்மையில் ஒரு துளி குறைந்தாலும் அவளுக்குத் தாங்காது.

"பேர் ஒண்டும் வேணாம் மகள். தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்."

தயாளினி அதற்கு மேல் கேட்கவில்லை. கிணறு யார் பேரில் வெட்டியது என்பது கொழும்பில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அப்படித்தான்.

திறப்பு விழா வழக்கம்போல நடந்தது. ரிப்பன், குத்துவிளக்கு, வெயிலில் நிற்க வைத்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், மைக்கை விட மனமில்லாத பெரிய மனுஷர்கள். கம்பெனித் தலைவர் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்க, கூடி நின்று போட்டோ எடுத்தார்கள். ஸுபைதா கூட்டத்தின் கடைசியில் நின்று, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இதுவும் ஷிஃபானுக்கு என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. கோட்டுப் போட்ட ஆள், அவன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கார் ஏறிப் போகிறார்!

அதற்குப் பின் வந்த காலம் அவளுக்கு நல்ல காலம். மெஷினைப் பார்க்கிற வேலை நிஸ்தாருக்குக் கிடைத்தது. அவன் ஷிஃபானோடு த்ரீவீல் ஓட்டியவன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் ஸுபைதா அங்கே போய், நடக்க முடியாதவர்களின் கேன்களைத் தன் கையால் கழுவிப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். லாபிரின் கேன் கட்டாயம் அதில் இருக்கும். லாபிர் அப்போது வாரத்தில் பாதி ஆஸ்பத்திரியும் பாதி கட்டிலுமாக இருந்தார். ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிறவர்கள் கண்டபடி தண்ணீர் குடிக்கக் கூடாதாம்; டொக்டர் அளந்து கொடுத்திருந்தார். நாக்கு வறண்டு தவிப்பார். அந்த அளந்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்ததும் மூச்சை இழுத்து விட்டு, "அல்லாஹ் ஷிஃபான்ட கபுற வெளிச்சமாக்கட்டும்" என்பார். தாகத்தில் தவிக்கிறவர் வாயால் வருகிற துஆ. ஸுபைதா அதைக் கேட்கவே காத்து நிற்பாள்.

பெற்றோல் வரிசையெல்லாம் ஓய்ந்த பிறகு கம்பெனி மறுபடி வந்தது. இரண்டாம் கட்டமாம். பெரிய தாங்கி கட்டினார்கள். அயல் ஊர்களுக்கும் பௌசர் வண்டியில் தண்ணீர் போயிற்று. கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்ச நாள் ஒரு மெஷின் நிலத்தைத் துளைத்துக்கொண்டு நின்றது. கிணற்றுக்குக் கொங்கிரீட் மூடி போட்டார்கள். பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கத்தான் என்றான் நிஸ்தார். நல்லதுதானே என்றாள் ஸுபைதா. மூடியின் ஓரத்தில் பழைய நீலக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு வெளியே நின்று அந்தக் குழாயைப் பார்த்து நபி பேரில் ஸலவாத்துச் சொல்லிவிட்டு வருவாள்.

அவளுக்கு விஷயம் தெரிய வந்தது ஒரு மெக்கானிக்கால். நிஸ்தார் மனைவியின் பிரசவத்துக்கு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் மோட்டார் நின்றுவிட்டது. தம்புள்ளையிலிருந்து ஒரு சிங்களப் பையன் திருத்த வந்தான். சாவி ஸுபைதாவிடம் இருந்தது. மோட்டார் எங்கே என்று அவன் கேட்க, அவள் பெருமையோடு கிணற்றைக் காட்டினாள். அவன் மூடியிலிருந்த சின்ன இரும்புக் கதவைத் தூக்கிக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதில் மோட்டார் இல்லையே அம்மா," என்றான் சிங்களத்தில். "இது பாவிக்காத கிணறு. மோட்டார் அந்தக் குழாய்க் கிணற்றில் இருக்கும்."

ஸுபைதா குனிந்து பார்த்தாள். தண்ணீர் நன்றாக மேலேறி நிறைந்து நின்றது. அந்தக் கிணறு அப்படி நிறைந்து அவள் பார்த்ததே இல்லை. யாராவது இறைத்தால்தானே குறையும். மேலே பச்சையாகப் பாசி. ஒரு தவளை பாய்ந்து ஒளிந்தது. நீலக் குழாய் உள்ளே ஒரு சாண் நீளத்தில் அறுபட்டுத் தொங்கியது. பையன் குழாய்க் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். அவள் மட்டும் அப்படியே குனிந்தபடி நின்றாள்.

நிஸ்தார் வந்து சேர்ந்ததும் அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "எவ்வளவு காலமா மகன்?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டாம் கட்டம் துவங்கின நாள்ல இருந்து, மாமி. நம்ம தண்ணி பில்டர அரிக்குதாம். இஞ்சினியர் வேற எடத்துல தோண்டச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீங்க வந்து நிக்கிறதப் பாத்துக்கிட்டு… நான் எப்பிடிச் சொல்ற மாமி?"

ஸுபைதாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் தான் வேலிக்கு வெளியே நின்று ஸலவாத்துச் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது.

நிஸ்தார்தான் கொழும்புக்கு அறிவித்திருக்க வேண்டும். அடுத்த வாரமே தயாளினி வந்துவிட்டாள். இடியப்பத் தட்டுகளுக்கு நடுவே பலகைக் கட்டையில் உட்கார்ந்து, கதையை முழுதும் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அம்மா, நான் விட்டிருப்பனே? எங்கட இஞ்சினியருக்கு அது வெறும் கிணறு."

"ஒங்க மேல பிழை இல்ல மகள். இப்ப வார தண்ணி நல்லமா?"

"முந்தினதைவிட நல்லம். இப்ப புதுசா வருத்தம் வாற ஆக்கள் குறைவு எண்டு கிளினிக்கிலயும் சொல்லுகினம்."

ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அதற்கு எதிராக ஒரு தாய் எழுந்து, என் மகனின் கெட்ட தண்ணீரைத்தான் எல்லாரும் குடிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? அழக்கூட அவளுக்கு நியாயம் இருக்கவில்லை. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது.

தயாளினி இப்போதாவது ஷிஃபானின் பேரைப் போட்டுவிடுவோம் என்றாள்; நல்ல கருங்கல்லில், கம்பெனிப் பெயருக்குப் பக்கத்திலேயே.

"தண்ணி அவன்ட இல்ல. பிறகு பேர மட்டும் என்னத்துக்கு?" என்றாள் ஸுபைதா. போகும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு பொதி இடியப்பம் கட்டிக் கொடுத்தாள்.

இன்னும் ஒரு கடமை மிச்சம் இருந்தது. லாபிரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமலே விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அளந்து குடிக்கிற மனுஷனின் துஆவைப் பொய் சொல்லி வாங்குவது களவுதானே? அந்த வெள்ளிக்கிழமை கிளாஸை அவர் கையில் கொடுத்ததும், அவர் வாயில் வைக்க முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நானா, இது ஷிஃபான்ட தண்ணி இல்ல. கம்பெனிட தண்ணி. ஒரு வருசத்துக்கு மேலயா இப்பிடித்தானாம். எனக்கும் இப்பதான் தெரியும். இனி அவன்ட பேரச் சொல்லாதீங்க."

லாபிர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அவனுக்கு துஆ கேக்குறதுக்கு ஒரு சாட்டு வேணுமா எனக்கு? எனக்கு மொத மொத நல்ல தண்ணி கொண்டுவந்து தந்தது யாரு?"

"துஆ நீங்க கேப்பீங்க. கெணறு சும்மா கெடக்குதே நானா. ஒரு மனுசனுக்கும் பிரயோசனமில்லாம, தவள குடியிருக்குது."

"அப்ப எனக்கு அதுல ஒரு வாய் கொண்டு வாங்க. நான் குடிக்கிறேன்."

ஸுபைதாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு வாய். ஒருவர் குடித்தாலும் போதும், அவன் கிணறு உயிரோடு இருக்கும். இவருக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் பிறகு பல நாள் தவ்பா செய்தாள்.

"அது ஒங்களுக்கு ஆகாது. தர மாட்டேன்," என்றாள்.

லாபிர் சிரித்தார். வீங்கிப்போன அந்த முகத்தில் சிரிப்பு வந்து நெடுநாளாகியிருந்தது. "சரி, இப்ப வேணாம். ஒரு நாளைக்கி எனக்குத் தண்ணி தேவைப்படும்தானே. அன்னைக்கி அதுல இருந்து எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு டொக்டர் அளவு சொல்ல மாட்டார். எவ்வளவு வேணுமெண்டாலும் ஊத்தலாம்."

"வாய மூடுங்க நானா," என்றாள் ஸுபைதா. சொல்லிவிட்டு விடுவிடென்று வெளியே வந்துவிட்டாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு லாபிர் மௌத்தாகிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். குளிப்பாட்ட ஆயத்தம் நடந்தபோது, நீலக் கட்டடத்தில் குழாயைத் திறந்து பெரிய பீப்பாய்களை நிரப்பத் தொடங்கினார்கள் இளவட்டங்கள். ஸுபைதா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நிஸ்தாரிடம் போனாள். அவள் வாயைத் திறக்க முன்னாலேயே அவன் அலவாங்கைக் கையில் எடுத்துவிட்டான். லாபிர் அவனிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கொங்கிரீட் மூடியை நெம்பிப் புரட்டினார்கள். பாசியை ஒதுக்கி வாளியை இறக்கினார்கள். கப்பி எப்போதோ கழன்று போயிருந்தது. கையாலேயே கயிற்றை இழுத்தார்கள். முதல் வாளிகள் கலங்கலாக வந்தன. அவற்றை ஊற்றிவிட்டு மேலும் இறைத்தார்கள். பிறகு தண்ணீர் தெளிந்து, பழைய மாதிரிக் குளிர்ந்து வந்தது. வாளி கை மாறிக் கை மாறி லாபிரின் வீட்டுக்குள் போய், அங்கே துணி கட்டி மறைத்த இடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நாக்கு வறண்டு அளந்து குடித்த மனுஷனுக்கு, அளவில்லாமல் ஊற்றினார்கள்.

ஸுபைதா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். இறைக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஷிஃபானைக் கண்டதில்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரு சொல் உண்டென்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லப் பழக்கியவர் உள்ளே பலகையில் கிடந்தார். வாளிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லில் எழுத வேண்டாம் என்றவள், எந்தச் சபையிலும் மகன் பேரை எடுக்காதவள், கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டுச் சொன்னாள்:

"அல்லாஹ் ஷிஃபான்ட கபுற வெளிச்சமாக்கட்டும்."

இறைத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். நிஸ்தார்தான் முதலில் ஆமீன் சொன்னான்.